இந்தப் பக்கம்

டிரில் மாஸ்டர் வீட்டில் சட்டங்கள் அதிகம் இல்லை. இருந்தவை சுவரில் அடித்த ஆணி மாதிரி இருந்தன. செருப்புகள் வாசலில் ஜோடியாக நிற்க வேண்டும். சாப்பிடும்போது முதுகு நாற்காலியில் சாயக் கூடாது. உடம்பில் பச்சை குத்திக்கொண்டவர்களுக்குச் சாப்பாட்டு மேசையில் இடம் கிடையாது.

கடைசிச் சட்டம் அவருடைய ஒரே மகளுக்காகவே பிறந்தது. முதல் சம்பளம் வாங்கிய கையோடு அவள் மணிக்கட்டில் ஒரு சின்னக் குருவியைக் குத்திக்கொண்டு வந்து நின்றாள். மாஸ்டர் குரலை உயர்த்தவில்லை. குரலை உயர்த்துவது மைதானத்துக்கு உரியது, வீட்டுக்கு அல்ல என்பது அவர் கொள்கை. "உடம்பு என்ன நோட்டீஸ் போர்டா? நம்ம குடும்பத்துல யாரும் இப்படி எழுதி ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சதில்லை" என்று மட்டும் சொன்னார். மகள் இரண்டு வேளை தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மூன்றாம் வேளை அம்மா அகலப் பட்டை வைத்த ஒரு கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்து மகளின் கையில் கட்டினாள். குருவி மறைந்தது, மகள் மேசைக்குத் திரும்பினாள், சட்டமும் பிழைத்தது.

அன்று முதல் மாஸ்டர் சாப்பிட உட்கார்ந்ததும் "மணி என்ன ஆச்சு?" என்று மகளைக் கேட்பார். அவருக்கு நேர் எதிரே சுவர்க் கடிகாரம் தொங்கியது. ஆனாலும் கேட்பார். மகள் கையைத் திருப்பிப் பார்த்து மணி சொல்வாள். கடிகாரம் கையில் இருக்கிறதா என்று சோதித்ததாகவும் ஆயிற்று, சோதித்ததாகக் காட்டிக்கொள்ளாமலும் ஆயிற்று. இப்படி வருடங்கள் ஓடின.

பிறகு இருமல் வந்தது.

ஆயுளில் அவர் வாயில் வைத்து ஊதியது விசில் ஒன்றுதான். அதனால் இருமல் விடாப்பிடியாக நின்றபோதும் அவர் அதை மதிக்கவில்லை. மனைவி மதித்தாள். அவள் நச்சரிப்புத் தாங்காமல் தெருமுனை டாக்டரிடம் போனார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், நெஞ்சில் ஒரு நிழல் தெரிகிறது, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிடுங்கள் என்று படத்தை உறையில் போட்டுக் கொடுத்தார். எந்தப் பக்கம் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. படம்தான் கையில் இருக்கிறதே, கேட்பானேன்?

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைப் பிடித்தார். விலா எலும்புகள் வரிசை தவறாமல் அணிவகுத்து நின்றதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. இடப்பக்கம், மேலே, கோலிக்குண்டு அளவுக்கு ஒரு வெள்ளை. படத்தின் மூலையில் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தது. படம் எடுத்தவன் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டிருக்கிறான், விளம்பரப் பிரியன் போலிருக்கிறது என்று அதை ஒதுக்கிவிட்டார்.

பக்கத்து வீட்டுத் தபால்காரர் ஆறுதல் சொல்ல வந்தார். ஓய்வு பெற்றதிலிருந்து அவர் வீடு வீடாகக் கொண்டுசேர்ப்பது பயத்தை மட்டும்தான். எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் உடைந்த காலை விட்டுவிட்டு நல்ல காலுக்கு மாவுக்கட்டுப் போட்டார்களாம். ஆபரேஷன் என்று வந்தால் எந்தப் பக்கம் என்பதில் ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொல்லிவிட்டு, காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

மாஸ்டர் அதையே நினைத்துக்கொண்டு கூடத்தில் நடைபோட்டார். தன் வாழ்நாளில் எத்தனை வரிசைகளைப் பார்த்திருக்கிறார். "ரைட் டர்ன்" என்று முழங்கினால் எந்த வரிசையிலும் நாலு பேர் இடப்பக்கம் திரும்பி நிற்பார்கள். டாக்டர்கள் எல்லாம் ஒரு காலத்தில் அந்த வரிசைகளில் நின்ற பையன்கள்தானே? மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்த பிறகு எழுந்து உட்கார்ந்து அவர்களைத் திருத்தவா முடியும்? பேனாவால் எழுதிவைத்தால் வியர்வையில் போய்விடும். அழியாததாக ஒன்று வேண்டும்.

மறுநாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பேருந்து நிலையத்துக்கு அப்பால் இருந்த ஒரு பச்சை குத்தும் கடைக்குள் நுழைந்தார். தன்னை அடையாளம் தெரியாது என்றுதான் நினைத்தார். கடைக்காரன் அவர் நடையைப் பார்த்த மாத்திரத்தில் ஊசியைக் கீழே வைத்துவிட்டு விறைப்பாக நின்றான். அவருடைய பழைய மாணவன். எந்தப் பக்கம் திரும்பச் சொன்னாலும் எதிர்ப்பக்கமே திரும்புவான் என்பதால் பள்ளிக்கூடமே அவனை யூ-டர்ன் என்று கூப்பிட்டது. முதுகில், தோள்பட்டை எலும்பின் மேல், ஓர் அம்புக்குறியும் "இந்தப் பக்கம்" என்ற இரண்டு வார்த்தைகளும் வேண்டும் என்றார் மாஸ்டர். எந்தத் தோள் என்று கேட்டான். இடது என்றார். அவனை நம்பாமல், கையை வளைத்துத் தொட்டும் காட்டினார். யூ-டர்ன் வாழ்க்கையில் முதன்முறையாக மாஸ்டர் சொன்ன பக்கத்தில் சரியாக வேலை செய்தான். வெளியே மூச்சு விட்டால் இந்த வயதிலும் மைதானத்தைச் சுற்ற விடுவேன் என்று எச்சரித்துவிட்டு வந்தார்.

வீட்டில் பனியன் மேல் சட்டை, சட்டையில் கழுத்துப் பொத்தான் வரைக்கும் பூட்டு. குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக் குளித்தார். பனியனைத் தானே துவைத்தார். பயம் மனிதனை எப்படியெல்லாம் திருத்துகிறது என்று மனைவி அதிசயப்பட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் நுரையீரல் டாக்டர் ஒரு பெண். முதலில் சிடி ஸ்கேன் எடுத்தார்கள், பனியனை முன்பக்கம் மட்டும் தூக்கி, மார்பு வழியாக ஊசி விட்டுக் கட்டியில் துளி எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான், ஆனால் சின்னது, வலது நுரையீரலின் மேல் பாகத்தில் இருக்கிறது என்றார் டாக்டர். பாதி வார்த்தைகள்தான் மாஸ்டர் காதில் விழுந்தன.

"இடதுதானே?" என்றார்.

"இல்லை சார், வலது."

"படத்துல இடப்பக்கம் இருந்துச்சே."

"படத்துல இடப்பக்கம் தெரியறது உங்க வலப்பக்கம் சார். நீங்க எங்க எதிர்ல நின்னு எங்களைப் பாக்கற மாதிரிதான் படம் வைப்போம். மூலையில ரைட்டுன்னு எழுத்துகூடப் போட்டிருப்பாங்களே."

மாஸ்டர் முகத்தில் ஈ ஆடவில்லை. காலமெல்லாம் வரிசைகளுக்கு எதிரே நின்றவர் அவர். எதிரே நிற்பவனின் வலது தனக்கு இடது என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆனால் அந்தப் படத்தை, தனக்கு முதுகு காட்டிக்கொண்டு முன்னால் நடக்கிற பையன் என்று நினைத்துப் பார்த்துவிட்டார். சட்டைக்குள் இடது தோளில், ஆறிக்கொண்டிருந்த புண் சுருக்கென்றது. நோய் இருக்கிறது என்ற செய்தியைவிட, நோய் இல்லாத பக்கத்துக்கு நிரந்தரமாக அம்பு போட்டு வைத்திருக்கிறோம் என்பதுதான் அன்று அவரை அதிகம் உலுக்கியது.

அடுத்தது பெட்-சிடி என்றார் டாக்டர். இரண்டு படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைப்பது. "சிடி தெருவையும் வீடுகளையும் காட்டும் சார். பெட், எந்த வீட்டுல அடுப்பு எரியுதுன்னு காட்டும். தனித்தனியாப் பாத்தா ரெண்டும் அரைகுறை சாட்சி. சேத்து வச்சாதான் எந்த வீட்டு அடுப்புன்னு தெரியும்" என்றார். கட்டி தன் வீட்டிலேயே இருந்தால் முதல் நிலை, வெட்டி எடுத்துவிடலாம். நெஞ்சைத் தாண்டி வேறு இடத்தில் அடுப்பு எரிந்தால் நான்காம் நிலை. அப்போது கத்திக்கு வேலை இல்லை, மருந்துதான். ஆபரேஷனுக்கு அடுத்த வாரம் ஒரு நாளைக் குறித்து வைத்தார்கள், ஸ்கேன் சரியாக வந்தால்.

ஸ்கேன் அன்று வெறும் வயிறு. சர்க்கரையில் கலந்த மருந்தை வலது கையில் ஏற்றி, அசையாமல் பேசாமல் இருங்கள் என்று ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மாஸ்டர் அதில் கொடிக்கம்பம் மாதிரி உட்கார்ந்தார். சாயுங்கள், தசையை இறுக்கினால் அதுவும் மருந்தை இழுத்துக்கொள்ளும் என்று ஸ்கேன் எடுப்பவர் கெஞ்சினார். சாய்ந்தால் அம்புக்குறி அரித்தது. அரிப்பையும் மானத்தையும் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு சாய்ந்தார். சமீபத்தில் தடுப்பூசி, காயம், கட்டி, தோலில் ஏதாவது உண்டா என்று ஸ்கேன்காரர் கேட்டார். இல்லை என்றார் மாஸ்டர். ஆஸ்பத்திரி அங்கியைப் பனியனுக்கு மேலேயே போட்டுக்கொண்டார். உலோகம் இல்லையே என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, சரணடைந்தவர் போல அந்த வளையத்துக்குள் போய் வந்தார்.

முடிவு சொல்லும் நாளில் மூவரும் போனார்கள். டாக்டர் திரையைத் திருப்பினார். சாம்பல் நிற உடம்பின் மேல் அங்கங்கே ஆரஞ்சு வெளிச்சம். மூளை எரிந்தது, அது எப்போதும் எரிவதுதான். வலது நுரையீரலில் கோலிக்குண்டு எரிந்தது, எதிர்பார்த்ததுதான். நெஞ்சின் நடுவே எதுவும் இல்லை. டாக்டரின் விரல் அங்கிருந்து நகர்ந்து இடது அக்குளில் நின்றது. அங்கே இரண்டு புள்ளிகள், குட்டி விளக்குகள் மாதிரி.

"இடது அக்குள்ல நெறி கட்டியிருக்கு. இதுதான் எனக்குப் புரியலை" என்றார் டாக்டர். "வலது நுரையீரல்லேருந்து கிளம்பினது, வழியில எந்த ஸ்டேஷன்லயும் இறங்காம, எதிர்க்கரைக்கு நேராப் போயிருக்கு. வழக்கமா அப்படிப் போகாது. ஆனா போயிருந்தா, இது நாலாம் நிலை."

"அப்படின்னா ஆபரேஷன்..." என்று ஆரம்பித்து மனைவி நிறுத்தினாள். குறித்து வைத்த நாளை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். சிடியில் பார்த்தால் அந்த நெறிகளின் வடிவம் அவ்வளவு மோசமாக இல்லை. அதனால்தான் கேட்கிறேன், இடது கையில் ஊசி போட்டீர்களா, வெட்டுக்காயம், கொப்புளம், ஏதாவது பிராணி கீறியதா? மனைவி உடனே தபால்காரர் வீட்டுப் பூனையைக் காட்டிக் கொடுத்தாள். அது கீறியதா என்று டாக்டர் கேட்டார். இல்லை, ஆனால் முறைக்கும் என்றாள்.

டாக்டர் இன்னொரு படத்தைக் காட்டினார். இடது முதுகின் தோலில் மங்கலாக ஒரு கோடு ஒளிர்ந்தது. எலும்பிலும் இல்லை, நுரையீரலிலும் இல்லை, தோலோடு தோலாக இருக்கிறது, நாற்காலியில் அழுந்தியதாக இருக்கலாம் என்று அதைத் தள்ளிவிட்டார்.

மாஸ்டர் அந்தக் கோட்டையே பார்த்தார். அவர் கண்ணுக்கு அது அம்பின் வால். இரண்டு சாட்சிகளும் சேர்ந்து அவரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டன. நீதிபதிக்குத்தான் தெரியவில்லை.

வாயைத் திறந்தால் பிழைக்கலாம். ஆனால் என்னவென்று சொல்வது? பச்சை குத்திக்கொண்டேன் என்பதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. டிரில் மாஸ்டருக்கு இடது வலது தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். அது தெருவைச் சுற்றி வர ஒரு தபால்காரர் போதும். பழைய மாணவர்கள் கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நான்காம் நிலை என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள். துக்கம் விசாரிப்பார்கள், நல்ல மனிதர், கடைசிவரை நிமிர்ந்தே நடந்தார் என்பார்கள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவருக்கு அது மோசமான பேரமாகத் தோன்றவில்லை.

வழக்கமான கேள்விதான் அவர் வாயில் வந்தது: "மணி என்ன ஆச்சு?"

மகள் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள். கண்கள் நிறைந்திருந்ததால் சரியாகத் தெரியவில்லை போலும், அவர் தலைக்கு மேலே எதையோ பார்த்துவிட்டுத்தான் மணி சொன்னாள். மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். பின்சுவரில் கடிகாரம். மகளின் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பட்டைக்குள் இருந்த கடிகாரத்தின் முட்கள் வேறு ஏதோ நேரத்தில் நின்றிருந்தன. விநாடி முள்ளைக் காணவே இல்லை.

"எப்ப நின்னுது?"

"அம்மா கட்டிவிட்டப்பவே ஓடலைப்பா."

இத்தனை வருடமும் அவள் ஓடாத கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து அவருக்கு மணி சொல்லியிருக்கிறாள். அவர் சட்டம் விழாமல் இருக்க, அவருக்குத் தெரியாமல் அடியில் கை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மனைவி ஜன்னலைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியும் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

மாஸ்டர் எழுந்தார். குதிகால்கள் ஒட்டின. யாரும் கட்டளையிடாமலே அபவுட் டர்ன் அடித்து, கதவைப் பார்த்து நின்று, பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் கழற்றினார். டாக்டர் பதறி என்ன சார் என்றார். சட்டை இறங்கியது. பனியனைத் தலை வழியாக உருவினார்.

 மனைவிதான் எழுத்துக்கூட்டுவது போல மெதுவாகப் படித்தாள்.

"இந்தப்... பக்கம்." பிறகு கொஞ்சம் யோசித்தாள். "டாக்டரம்மா, கட்டி வலப்பக்கம்னுதானே சொன்னீங்க?"

டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஆமாம் என்று தலையாட்டினார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. மேசைக்குக் கீழே விழாத எதையோ எடுப்பதற்காகக் குனிந்தார், வெகுநேரம் எடுத்தார்.

"உடம்பு நோட்டீஸ் போர்டான்னு கேட்டீங்களேங்க" என்றாள் மனைவி. "போட்டதுதான் போட்டீங்க, நோட்டீஸைச் சரியாப் போட்டிருக்கக் கூடாதா?"

மாஸ்டர் கதவைப் பார்த்தபடியே நடந்ததை எல்லாம் சொன்னார்: எக்ஸ்ரே, ஜன்னல், தபால்காரர், மாவுக்கட்டு, யூ-டர்ன். கதவு அதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. மகள் சிரிக்கவில்லை. எழுந்து வந்து அம்புக்குறியை விரலால் தொடாமல் தொட்டாள்.

"வலிச்சுதாப்பா?"

"பல்வலி அளவுக்கு இல்லை."

"எனக்கும் அவ்வளவுதான் இருந்துது."

டாக்டர் மேசைக்கு மேலே திரும்பி வந்தபோது முகம் ஒழுங்காகியிருந்தது. தோலில் குத்திய மையில் ஒரு பங்கை உடம்பு அக்குள் நெறிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும், புதுப் பச்சை என்றால் நெறி வீங்கி இப்படி எரியவும் செய்யும் என்று விளக்கினார். நம்புகிறேன், ஆனாலும் ஊசி விட்டுப் பார்க்காமல் கத்தியை எடுக்க மாட்டேன் என்றார். குறித்த நாளை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். ஸ்கேன்காரர் கேட்டபோதே சொல்லியிருக்கலாமே சார் என்றபோது மட்டும் குரலில் கண்டிப்பு இருந்தது. மாஸ்டர் தலை குனிந்தார். அவர் தலை குனிந்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

ஊசி முடிவு வந்தது. நெறியில் புற்று இல்லை. கறுப்பு மைதான் இருந்தது, நல்ல தரமான மை என்று பரிசோதித்தவர் சொன்னாராம். முதல் நிலை.

ஆபரேஷன் அன்று காலை, வார்டு நர்ஸ் ஒரு தடித்த பேனாவோடு வந்து மாஸ்டரின் வலது மார்பில் அம்புக்குறி ஒன்று போட்டார். எல்லாருக்கும் இப்படித்தான் போடுவோம், சுத்தம் செய்தாலும் போகாத மை என்றார். மாஸ்டர் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஒரு பேனா இருப்பது முன்பே தெரிந்திருந்தால்!

மகள் நர்ஸிடம் கேட்டு அதை வாங்கினாள். அப்பாவின் பின்னால் போய், "இந்தப் பக்கம்" என்ற வார்த்தைகளுக்குக் கீழே "இல்லை" என்று எழுதத் தொடங்கினாள்.

"கோணலா எழுதாதே" என்றார் மாஸ்டர்.

"அசையாம நில்லுங்கப்பா."

அவர் அசையாமல் நின்றார். கட்டளைக்குக் கீழ்ப்படிந்து அவருக்கு வெகுகாலம் ஆகியிருந்தது. எழுதி முடித்ததும், "மணி என்ன ஆச்சு?" என்று கேட்டார். மகள் கையை நீட்டினாள். கடிகாரம் இல்லை. மணிக்கட்டில் குருவி மட்டும் உட்கார்ந்திருந்தது. மாஸ்டர் அதை உற்றுப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"இன்னும் நேரம் இருக்கு" என்றார்.

தள்ளுகட்டில் வந்தது. ஏறிப் படுத்ததும் மனைவி குனிந்து போர்வையைச் சரிசெய்தாள். மகள் கையில ஒரு குருவி, புருஷன் முதுகுல ஒரு பலகை, நான் ஒருத்திதான் இந்தக் குடும்பத்துல வெறும் ஆள் என்று அலுத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தக் கடை எங்கேங்க இருக்கு?" என்று கேட்டாள்.

மாஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சட்டம் என்று ஏதோ ஒன்று அந்த வீட்டில் இருந்தது, இப்போது நினைவுக்கு வரவில்லை.

"பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ரெண்டாவது தெரு. உள்ளே போனதும்..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தினார். மனைவி, மகள், நர்ஸ், கட்டில் தள்ளுபவர், எல்லார் கண்ணும் அவர் வாயின் மேலேயே இருந்தன. எந்தப் பக்கம் என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார்கள்.

மாஸ்டர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து நீட்டிக் காட்டினார்.